மறு: ஜெய்சல்மர் வீட்டுக்கு நடுமுற்றம் வைக்கலாமா?

வணக்கம். ராஜஸ்தான் பாலைவன ஊரான ஜெய்சல்மரில் 30க்கு 50 அடி மனை, மேற்குப் பார்த்த வாசல், முற்றம் வைத்தால் வீடெல்லாம் மணல்தான் என்று இன்ஜினியர் சொல்கிறார், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து முற்றத்தை விட்டுவிடாதீர்கள், அதன் அளவை மட்டும் மாற்றுங்கள். அங்குள்ள பழைய ஹவேலிகளில் (மாளிகை வீடுகளில்) முற்றம் குறுகலாக, சுவர் உயரமாக இருக்கும். உச்சிவெயில் நேரம் தவிர தரையில் வெயில் விழாது, ராத்திரி குளிர்ந்த காற்று அடியிலேயே தங்கிவிடும். உங்களுக்கு 10க்கு 10 போதும். புழுதிக்காற்று நாட்களுக்கு மேலே இழுத்து மூடுகிற மாதிரி கெட்டித் துணிப் பந்தல் போட்டுவிடுங்கள்.

மேற்குப் பக்கம் பெரிய கண்ணாடி ஜன்னல் வேண்டவே வேண்டாம். மாடிப்படி, குளியலறை, சாமான் அறையை அங்கே தள்ளிவிட்டால் சாயங்கால வெயிலை அவை தாங்கிக்கொள்ளும். ஜன்னலுக்கு உள்ளூர் மஞ்சள் கல்லில் ஜாலி, அதாவது சின்னச் சின்ன ஓட்டைகளாகச் செதுக்கிய கல் தட்டி போடுங்கள், உள்பக்கம் மரக்கதவு கட்டாயம். ஏதாவது பழைய ஹவேலிக்குப் போய் ஜாலி ஓட்டையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், வெளியே லேசாக வீசும் காற்றுகூட அந்தச் சின்ன ஓட்டைக்குள் வேகம் பிடித்து வருவது தெரியும்.

அப்புறம் தண்ணீர். வருஷத்துக்கு 200 மி.மீ.கூடப் பெய்யாத ஊர். ஆனாலும் 100 சதுர மீட்டர் மாடியில் 150 மி.மீ. பெய்தால் சேதாரம் போக 12,000 லிட்டர் கிடைக்கும். அஸ்திவாரம் தோண்டும்போதே முற்றத்துக்கு அடியில் டாங்கா (மழைநீர் சேமிக்கும் நிலத்தடித் தொட்டி) கட்டிவிடுங்கள், பிறகு தோண்டினால் செலவு கூடும். வெயில் சூடு கீழே இறங்காமல் இருக்க மாடித்தரைக்கு வெள்ளை ஓட்டுச்சில்லு பதியுங்கள். வரைபடம் கையில் இருந்தால் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.