எத்தனை தலையணை?

கேள்வி: என் மாமனாருக்கு 64 வயது. ஏற்காட்டில் காபித் தோட்ட வேலை, சர்க்கரையும் உண்டு. நாலு மாதமாக மேடு ஏறினால் மேல்மூச்சு வாங்குகிறார், ராத்திரியில் இருமல் வேறு. மலைக் குளிருக்கு வீசிங் என்று நாங்களாக இன்ஹேலர் வாங்கிக் கொடுத்தும் கேட்கவில்லை. கீழே கூட்டி வந்து வைத்துக்கொண்டால் சரியாகுமா, டாக்டர்?
- வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: கூட்டி வாருங்கள், ஆனால் காற்று மாற்றத்துக்காக இல்லை, எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்க. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம்தான்; காலமெல்லாம் அங்கேயே மூட்டை தூக்கினவருக்கு இப்போது திடீரென்று மலைக்காற்று ஒத்துக்கொள்ளாமல் போகாது.

அவர் எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. ஒன்று போதாமல் இரண்டு, மூன்று என்று ஏறியிருந்தாலோ, தூங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் மூச்சு முட்டி எழுந்து ஜன்னலைத் திறந்துகொண்டு உட்கார்ந்தாலோ, எனக்கு முதல் சந்தேகம் இதயத்தின் மேல்தான். ஹார்ட் ஃபெயிலியர் என்றதும் இதயம் நின்றுவிட்டது என்று பயப்படாதீர்கள். அது ரத்தத்தைத் தள்ளும் வேலையில் பின்தங்குகிறது, அதனால் நுரையீரலில் நீர் கோக்கிறது. பகலெல்லாம் காலில் இறங்கி நின்ற நீர், படுத்ததும் ரத்தத்தோடு சேர்ந்து மேலே வருகிறது, இருமலும் அப்போதுதான் கூடுகிறது. சாயங்காலம் அவர் கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்திப் பாருங்கள், குழி விழுந்து அப்படியே நிற்கிறதா?

ஆஸ்துமாவும் ராத்திரியில் எழுப்பும், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம், அதனால் வீட்டில் முடிவு கட்ட வேண்டாம். ஈசிஜி, மார்பு எக்ஸ்ரே, எக்கோ, தேவைப்பட்டால் என்டி-புரோபிஎன்பி என்ற ரத்தப் பரிசோதனை, இந்த வாரமே. சர்க்கரைக்காரர்களுக்கு வலியே தெரியாமல் மாரடைப்பு வந்து போயிருக்கலாம், அதை அப்போதுதான் கண்டுபிடிப்போம்.

அதுவரை ஊறுகாய், அப்பளம், கருவாடு வேண்டாம். (தட்டுவடை செட்டும்தான், சேலத்துக்காரனாக வருத்தத்தோடு சொல்கிறேன்.) மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையை நிறுத்துங்கள், அவற்றில் பல உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிவிடும். தினமும் காலையில் எடை பாருங்கள், மூன்றே நாளில் 2 கிலோ ஏறினால் அது சதை இல்லை, நீர்.

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினாலோ, இளஞ்சிவப்பாக நுரைத்த சளி வந்தாலோ காலை பஸ்ஸுக்குக் காத்திருக்காதீர்கள். உட்கார்ந்தபடியே வைத்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். 20 கொண்டை ஊசி வளைவு இறங்க நேரம் பிடிக்கும்.