பதில்: அப்பாவுக்குப் பேச்சு போனது, பெரியப்பாவுக்கு ஏன் போகவில்லை?

வணக்கம். அப்பாவுக்கு வலது கை விழுந்து பேச்சும் போய்விட்டது, ஆனால் நடக்கிறார். பெரியப்பாவுக்கோ வெறும் தலைசுற்றலும் தள்ளாட்டமும்தான். இரண்டையும் பக்கவாதம் என்கிறார்களே என்று கேட்டிருந்தீர்கள்.

நோய் ஒன்றுதான், அடைத்த ரத்தக்குழாய் வேறு. அப்பாவுக்கு அநேகமாக இடது நடு மூளைத் தமனி. ஸ்கேன் அறிக்கையில் பாருங்கள். முகம், கை, பேச்சு மூன்றையும் ஆளும் பகுதிக்கு ரத்தம் தருவது அதுதான். காலுக்கான இடம் மூளையின் உட்பக்கம், முன் மூளைத் தமனி ரத்தம் தரும் பகுதியில் இருக்கிறது. அதனால் கால் தப்பித்தது. பெரியப்பாவுக்கு, தள்ளாடாமல் நிற்க உதவும் சிறுமூளைக்குப் போகும் பின்பக்கக் குழாய் அடைத்திருக்கும். இதைத்தான் பல வீடுகளில் பித்தம் என்று எலுமிச்சை பிழிந்து கொடுத்து நேரத்தை விட்டுவிடுகிறார்கள்.

நாம் பேசுவது அப்பாவுக்குப் புரிகிறது என்றீர்களே, அது நல்ல விஷயம். காபியா டீயா என்று டம்ளரைக் காட்டிக் கேளுங்கள், பதிலுக்குக் காத்திருங்கள். பேச்சு வராத சிலருக்குப் பழைய பாட்டு வரி வந்துவிடும், பாடிப் பாருங்கள். பேச்சுப் பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டாம். அப்புறம், தண்ணீர் குடிக்கும்போது இருமினால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், விழுங்குவதைச் சோதிக்க வேண்டும்.