அந்தக் காட்டுக்குள் எந்த வழியாகப் போவீர்கள்?

கேள்வி: நகரத்திலிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில், மரங்கள் அடர்ந்த பத்து ஏக்கர் நிலம் விலைக்கு வந்திருக்கிறது. ஓரமாக ஓர் ஓடையும் ஓடுகிறது. விடுமுறை நாள்களில் கூடாரம் போட்டுத் தங்கவும், பிள்ளைகளோடு காலார நடக்கவும், மீன் பிடிக்கவும் ஏற்ற இடம் என்று என் கணவர் ஒற்றைக் காலில் நிற்கிறார். இந்த வாரமே முன்பணம் கொடுத்தால்தான் கிடைக்கும் என்கிறார் தரகர். கொடுக்கலாமா?

பதில்: இந்த வாரம் வேண்டாம். அவசரம் தரகருக்குத்தான், உங்களுக்கு இல்லை.

கடிதத்தில் ஓடை இருக்கிறது, மரம் இருக்கிறது, மீன்கூட இருக்கிறது. சாலையிலிருந்து நிலம்வரை எப்படிப் போவது என்பதைத்தான் காணோம். வண்டித்தடம் அடுத்தவர் நிலத்தின் ஊடே போகிறதா? 'காலங்காலமாக எல்லோரும் இப்படித்தான் போகிறோம்' என்பார் விற்பவர். அது அடுத்தவர் காட்டும் தயவாக இருக்கலாம். அவர் நிலத்தைக் கைமாற்றினாலோ, உங்களோடு மனம் கசந்தாலோ, தடத்தின் குறுக்கே ஒரு கேட் முளைத்துவிடும். வழக்கத்தால் வந்த உரிமை என்று வாதாடலாம்தான். அதற்கு நீதிமன்றப் படியேற வேண்டும். பாதை உரிமை அகலத்தோடு பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று உங்கள் வழக்கறிஞர் பார்க்கட்டும். தரகர் அழைத்து வருபவர் வேண்டாம். தீயணைப்பு வண்டி நுழைய முடியாத தடம் என்றால், கோடைச் சருகுகளுக்கு நடுவே பிள்ளைகளோடு இரவு தங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பத்து ஏக்கர் என்றால் பெருங்காடு என்ற எண்ணமும் வேண்டாம். நிலம் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 660 அடி. சுற்றளவு ஏறக்குறைய 800 மீட்டர். மேடு பள்ளத்தில் நடந்தாலும் கால் மணி நேரத்தில் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். உங்கள் கணவரை மயக்கிய பசுமையில் பெரும்பங்கு அடுத்த நிலத்துடையதாக இருக்கக்கூடும். நாளை அதன் உரிமையாளர் மரங்களை வெட்டி விற்றால் வேடிக்கைதான் பார்க்க முடியும். ஆகவே சர்வேயரை வைத்து எல்லைக்கற்களைக் கண்டுபிடியுங்கள். கற்களுக்கு அப்பால் இருப்பது யாருடையது, என்ன செய்யப்போகிறார்கள் என்றும் விசாரியுங்கள்.

பெருமழை பெய்து ஓய்ந்தபின் ஒருமுறை ஓடைக்கரைக்குப் போங்கள். மரத்தண்டில் சேற்றுக்கோடு எந்த உயரத்தில் நிற்கிறது? கிளைகளில் சிக்கிய சருகும் பிளாஸ்டிக்கும் உங்கள் தலைக்கு மேலே தொங்கினால், கூடாரத்துக்கு அந்தக் கரை ஆகாது. மேட்டில் இடம் பார்த்தாலும் அண்ணாந்து பாருங்கள். பட்டுப்போன கிளைகள் காற்றில்லாத நாளிலும் முறிந்து விழும். அடிமரத்தில் காளான் பூத்திருந்தால் உள்ளே உளுத்திருக்க வாய்ப்புண்டு. வறண்ட மாதத்திலும் ஒருமுறை போய்ப் பாருங்கள்: ஓடை இருக்கிறதா, வெறும் கூழாங்கல்லா?

மரம் வெட்ட, குடில் கட்ட, ஏன், மீன் பிடிக்கக்கூட அனுமதி தேவைப்படலாம். விற்பவரிடம் கேட்டால் எல்லாம் முடியும் என்பார். உரிய அலுவலகத்தில் கேளுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு பிடித்திருந்தால், ஒரு சனிக்கிழமை இரவு அங்கே தங்கிப்பார்க்க அனுமதி கேளுங்கள். பகலில் பறவைச் சத்தம் மட்டும் கேட்ட இடத்தில் இரவில் என்னென்ன கேட்கிறது என்று தெரிந்துவிடும். அதன்பின் முன்பணம் கொடுப்பதானால், பாதை உரிமை உறுதியாகாத பட்சத்தில் முழுத்தொகையும் திரும்ப வரும் என்று கையெழுத்தோடு எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள்.