கீமோ போர்ட் என்றால் என்ன? கைச் சிரை இருக்க, அதை ஏன் மார்பில் பொருத்துகிறார்கள்?

கீமோ போர்ட் என்பது, கீமோ எனப்படும் புற்றுநோய் மருந்தைப் பெரிய சிரை ஒன்றுக்குள் நேரடியாகச் செலுத்துவதற்காக, பெரும்பாலும் மார்பின் மேற்பகுதியில் தோலுக்கு அடியில் பொருத்தப்படும் சிறு கிண்ணமும் அதனுடன் இணைந்த மெல்லிய குழாயும் ஆகும். கிண்ணத்தின் வாயைத் தடித்த சிலிக்கோன் மூடியிருக்கும். குழாயின் மறுமுனை இதயத்தை ஒட்டி, உடலின் மேற்பகுதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் மேற்பெருஞ்சிரையில் இருக்கும்.

புற்றுநோய் மருந்துகளில் சில, சிரையின் உட்சுவரையே புண்ணாக்கக்கூடியவை. கைச் சிரை குறுகலானது, அதில் ரத்த ஓட்டமும் குறைவு; ஆகவே மருந்து போதிய அளவு நீர்த்துப்போவதற்கு முன்பே சுவரைத் தாக்குகிறது, வெளியே கசிந்தால் சுற்றியுள்ள தோலும் தசையும்கூடச் சிதையலாம். மேற்பெருஞ்சிரையிலோ நிமிடத்துக்கு ஏறத்தாழ 2 லிட்டர் ரத்தம் பாய்வதால், மருந்து உடனே கலந்து நீர்த்துவிடுகிறது. ஒரு குடம் உப்புநீரைச் சிறு வாய்க்காலில் ஊற்றினால் பயிர் கருகும். பெருகி ஓடும் ஆற்றில் ஊற்றினால் சுவடே தெரியாது.

1980களின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்த இக்கருவியின் உண்மையான சாமர்த்தியம், என் கணிப்பில், குழாயில் இல்லை, மூடியில்தான் இருக்கிறது. இதற்கென்றே உள்ள ஹியூபர் ஊசி, சிலிக்கோனைத் துண்டாகப் பெயர்த்தெடுக்காமல் விலக்கிக்கொண்டு நுழைவதால், ஊசியை உருவியதும் துளை தானாக மூடிக்கொள்கிறது. சாதாரண ஊசியால் குத்தினால் மூடி விரைவில் கசியத் தொடங்கும்.

போர்ட்டுக்குள் மருந்தை நிரப்பி வைத்திருப்பார்கள், அது சிறிது சிறிதாக உடலில் இறங்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது ஒரு நுழைவாயில் மட்டுமே, மருந்து ஒவ்வொரு முறையும் வெளியிலிருந்துதான் செலுத்தப்படுகிறது.