எழுதுகிறவர்களுக்கு ஒரு குழு: எத்தனை பேர், என்ன விதி?

கேள்வி: வியாசர்பாடியில் நாங்கள் ஆறு பேர் இணையத்தில் எழுதுகிறோம். ஒருவருக்கொருவர் துணையாக ஒரு வாட்ஸ்அப் குழுவை எப்படி நடத்துவது?

பதில்: முதலில் ஆள் சேர்க்காதீர்கள், ஆறு பேர் போதும். கொருக்குப்பேட்டையில் நாங்கள் நூறு பேரைச் சேர்த்தோம். இரண்டே மாதத்தில் காலை வணக்கமும் ரோஜாப்பூப் படமும்தான் மிஞ்சின.

பிறகு பன்னிரண்டு பேராகச் சுருங்கி ஒரே விதி வைத்தோம். தன் எழுத்தைப் போடுவதற்கு முன், மற்ற இருவர் எழுதியதைப் படித்து, பிடித்த வரி ஒன்றையும் புரியாத வரி ஒன்றையும் சுட்டிக்காட்ட வேண்டும். வெறும் 'அருமை' செல்லாது. காசிமேட்டில் வலை பின்னுவதைப் பற்றி எழுதிய அண்ணனிடம், "எல்லாக் கண்ணியும் ஒரே அளவில் எப்படி வருகிறது?" என்று ஒருவர் கேட்டார். "பலகைத் துண்டில் நூலைச் சுற்றித்தான்" என்றார். அதுவே அவருடைய அடுத்த கட்டுரையானது.

சண்டை வந்தால் குழுவில் தீர்க்காதீர்கள், போனில் பேசுங்கள். மாதம் ஒருமுறையாவது நேரில் சந்தியுங்கள். 1918-இல் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததும் ஆலைத் தொழிலாளர்கள் நேரில் கூடிப் பேசியதால்தான். எங்களுக்குத் தண்டையார்பேட்டையில் ஒரு டீக்கடை. தெருவில் மழைத் தண்ணீர் நின்றால் மட்டும் சந்திப்பு ஒரு வாரம் தள்ளிப்போகும்.