இளைஞர்களுக்குத் தீராத இடுப்புக்குழி வலி: யூராலஜிஸ்ட்டிடம் கேளுங்கள்

கே (கோவை, வயது 27): எட்டு மாசமா விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவுல வலி சார். உட்கார்ந்தா அதிகமாகுது. யூரின், ஸ்கேன் எல்லாம் நார்மல். மூணு டாக்டர் பார்த்தாச்சு, மூணு பேரும் ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. இனி எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

ப: கடந்த ஆறு மாதத்தில் மூன்று மாதமாவது இந்த வலி இருந்து, கிருமியோ வேறு காரணமோ அகப்படாவிட்டால் நாள்பட்ட இடுப்புக்குழி வலி என்று வகைப்படுத்துவோம். சிறுநீர்ப்பைக்கு அடியில் இருக்கும் சுரப்பிதான் புராஸ்டேட். ‘புராஸ்டேட்டில் அழற்சி’ என்று எங்களிடம் வருபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இந்த வகைதான். இதை உறுதிசெய்யத் தனி டெஸ்ட் கிடையாது. மற்ற காரணங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்துதான் இங்கே நிற்க முடியும்.

முதலில் இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறியுங்கள்: வலி எங்கே, எவ்வளவு நேரம் உட்கார்ந்த பின் வருகிறது, சிறுநீர் நிறையும்போதா கழிக்கும்போதா, விந்து வெளியேறிய பின் கூடுகிறதா, மலச்சிக்கல் உள்ள நாளில் எப்படி. சிறுநீர் சேரச் சேர வலித்து, கழித்ததும் குறைந்தால் சிறுநீர்ப்பையைப் பார்க்க வேண்டும். கழிப்பறை இருக்கையில் மட்டும் வலி தணிந்தால் ஆசனவாய், பிறப்புறுப்புப் பகுதிக்குப் போகும் புடெண்டல் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். அந்த வலி பொதுவாகத் தூக்கத்தைக் கலைக்காது.

டெஸ்ட் என்று பார்த்தால் யூரின் ரொட்டீன், கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது), முதலில் வரும் சிறுநீரில் பாலுறவால் தொற்றும் கிளமிடியா, கொனோரியாவுக்கான பி.சி.ஆர். தாரை மெலிந்திருந்தால் யூரோஃப்ளோவும் (சிறுநீர் வரும் வேகத்தை அளப்பது) கழித்தபின் பையில் தங்கும் அளவும். விரையில் வலியென்றால் ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன். உங்கள் வயதில், புராஸ்டேட் புற்றுநோய்க்காகப் பார்க்கும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனைக்குப் பணம் கட்ட வேண்டாம்.

பெரும்பாலும் விட்டுப்போவது தசைப் பரிசோதனை. ஆசனவாய் வழியாக விரலை விட்டு, புராஸ்டேட்டை மட்டும் தொட்டுவிட்டு எடுத்துவிடுகிறார்கள். இருபுறமும் இடுப்புக்குழியின் அடித்தளமான லெவேட்டர் தசையை அழுத்திப் பார்க்க வேண்டும். பிறகு முழங்காலை வெளிப்பக்கமாகத் தள்ளச் சொல்லி, வெளியிலிருந்து கையால் தடுத்தால், இடுப்புக்குழியின் பக்கச் சுவரில் உள்ள ஆப்டுரேட்டர் தசை விரலுக்கடியில் இறுகும். அதையும் அழுத்தி, ‘நீங்கள் சொல்லும் வலி இதுதானா?’ என்று கேட்க வேண்டும். ‘அதேதான்’ என்று பதில் வந்தால் வலி இறுகிய தசையிலிருந்து வருகிறது என்று பாதித் தூரம் வந்துவிட்டோம். அடுத்த டாக்டரிடம் இதைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

கே (திருச்சி): ஸ்கேன்ல ‘கிரேடு 1 புராஸ்டேட் வீக்கம், 24 சி.சி.’ன்னு போட்டிருக்கு. வயசு 29. பயமா இருக்கு.

ப: அது ஏறக்குறைய இயல்பான அளவுதான். ரிப்போர்ட்டை மடித்து உள்ளே வையுங்கள்.

கே (சேலம்): சிப்ரோஃப்ளாக்சசின் ஆன்டிபயாட்டிக் ஒரு மாசம் சாப்பிட்டா சரியாகுமா?

ப: கிருமி நிரூபணமானால் மட்டும். கிருமி இல்லாத இந்த வலியில் சிப்ரோவை ஆறு வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2004இல் வந்தது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட மேலாக இல்லை. தசைநாண் கிழிவது, நரம்புக் கோளாறு போன்ற பக்கவிளைவுகளுக்காக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2016இல் எச்சரிக்கையைக் கடுமையாக்கிய மருந்து அது. மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள்.

கே (சென்னை): ஒத்துக்க முடியல டாக்டர். என் விந்துக் கல்ச்சர்ல என்டெரோகாக்கஸ்னு ஒரு கிருமி வந்துச்சு. லெவோஃப்ளாக்சசின் போட்டதும் பத்தே நாள்ல வலி பாதியாச்சு. கிருமி இல்லன்னா எப்படிக் குறையும்?

ப: நியாயமான கேள்வி. விந்து சிறுநீர்க்குழாய் வழியாகத்தான் வெளியே வருகிறது. குழாயின் நுனியிலும் தோலிலும் குடியிருக்கும் கிருமிகளை வழித்துக்கொண்டு வரும். அதனால் விந்துக் கல்ச்சரை மட்டும் வைத்து முடிவெடுக்க மாட்டேன். இரண்டு கப் சோதனை செய்யுங்கள்: நடுத்தாரைச் சிறுநீர் ஒரு கப், புராஸ்டேட்டை அழுத்திவிட்ட பின் வரும் முதல் 10 மி.லி. இன்னொரு கப். இரண்டாவதில் கிருமி பத்து மடங்காவது கூடியிருந்தால் புராஸ்டேட்டில் தொற்று என்று ஒப்புக்கொள்வேன். ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டுக்கொண்டே செய்தால் இந்தச் சோதனைக்கு அர்த்தமில்லை. காய்ச்சல் இருக்கும்போது புராஸ்டேட்டை அழுத்தவே கூடாது. கிருமி ரத்தத்தில் கலந்துவிடும்.

கே (சென்னை, அதே நபர்): வலி குறைஞ்சதுக்குப் பதில் சொல்லலையே.

ப: சொல்கிறேன். லெவோஃப்ளாக்சசின், சிப்ரோ வகை மருந்துகளுக்குக் கிருமியைக் கொல்வதைத் தவிர அழற்சியைத் தணிக்கும் குணமும் உண்டு. தவிர, இது ஏறி இறங்கும் வலி. உச்சத்தில் இருக்கும்போதுதான் எவரும் மாத்திரையைத் தொடங்குவார்கள், அடுத்து அது இறங்கத்தான் செய்யும். நாள்பட்ட பாக்டீரியாத் தொற்று என்றால் அதே கிருமியோடு சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வரும். உங்களுக்கு ஒருமுறையாவது வந்ததா?

கே (சென்னை, அதே நபர்): இல்ல. ஆனா மாத்திரையை நிறுத்தினதும் திரும்ப வலிச்சுது.

ப: அப்படியானால் இரண்டு கப் சோதனையும் தசைப் பரிசோதனையும் முடியும்வரை அடுத்த கோர்ஸ் வேண்டாம். வேறு என்ன சொன்னாலும் என் பதில் இதுதான்.

கே (ஈரோடு): ஓஃப்ளாக்சசின் எடுக்கலாமா?

ப: மேலே சேலத்துக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். அதுவும் சிப்ரோவின் குடும்பம்தான்.

கே (வேலூர்): யூரின்ல சீழ் செல் 20–25, கல்ச்சர் மட்டும் நெகட்டிவ். விரைக்கு மேல கட்டியா தட்டுப்படுது.

ப: நம் நாட்டில் இதை காசநோய் என்று சந்தேகித்துத்தான் தொடங்க வேண்டும். மூன்று நாள் அதிகாலைச் சிறுநீர், ஜீன்எக்ஸ்பர்ட் (காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை), விதைப்பை ஸ்கேன். கட்டி விரையிலேயே இருந்தால் புற்றுநோயையும் பார்க்க வேண்டும். இந்த வாரமே போங்கள்.

கே (திருநெல்வேலி): கெகல் பயிற்சி செஞ்சா வலி போகும்னு வீடியோல சொல்றாங்க.

ப: செய்யாதீர்கள். ஏற்கனவே இறுகிக் கிடக்கும் இடுப்புத் தளத் தசையைச் சுருக்கிச் சுருக்கி மேலும் இறுக்குவது அது. உங்களுக்கு வேண்டியது தளர்த்துவது: மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, வயிறு உப்ப மூச்சிழுக்கும்போது ஆசனவாய் கீழே இறங்கித் தளர்வதைக் கவனியுங்கள். காலை மாலை பத்து நிமிடம். முக்கக் கூடாது.

கே (பெயர் வேண்டாம்): கைப்பழக்கத்தால வந்த நரம்புத் தளர்ச்சின்னு லாட்ஜுல ஒரு வைத்தியர் சொல்லி, லேகியத்துக்கு முன்பணம் வாங்கிட்டார்.

ப: கைப்பழக்கத்தால் நரம்பு தளராது, விந்து வெளியேறுவதால் உடம்பு வற்றாது. இறுகிய தசை உச்சத்தில் சுருங்குவதால் பிறகு சில மணி நேரம் வலிக்கலாம். நோட்டில் அதைக் குறிக்கச் சொன்னது இதற்காகத்தான். மீதிப் பணம் கொடுக்காதீர்கள்.

கே (ஓசூர்): காலைல எழுந்தா இடுப்பு ஒரு மணி நேரம் விறைப்பா இருக்கு, நடந்தா சரியாகுது. பிட்டத்துலயும் வலி.

ப: உங்களுக்கு நான் ஆள் இல்லை. வாதநோய் நிபுணரிடம் போய் முதுகெலும்பு, இடுப்பு மூட்டு அழற்சி இருக்கிறதா என்று பாருங்கள்.

கே (தஞ்சை): கெகல் கொஞ்சமா செய்யலாமா?

ப: கூடாது.

கே (கரூர்): நேத்து ராத்திரி திடீர்னு ஒரு பக்க விரையில கடும் வலி, வாந்தி. இந்த வலிதானா?

ப: இதைப் படிக்கும்போதே கிளம்பி அவசரப் பிரிவுக்குப் போங்கள். விரை முறுக்கிக்கொண்டிருக்கலாம், ஆறு மணி நேரத்துக்குள் பிரித்தால்தான் விரை பிழைக்க நல்ல வாய்ப்பு. நேற்று இரவே போயிருக்க வேண்டும், தாமதமானாலும் போங்கள். மற்றவர்களுக்கும்: சிறுநீர் அடைத்து, பிட்டமும் தொடையின் உட்புறமும் மரத்துப்போனாலும், குளிர்காய்ச்சலோடு வலி வந்தாலும் இதே அவசரம்தான்.

கே (மதுரை): தசை இறுக்கம்னு சொல்லிட்டாங்க. பிசியோ எங்க, எத்தனை நாள்?

ப: இடுப்புத் தளத் தசைக்குப் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் வேண்டும், பலர் பிரசவம் முடிந்த பெண்களை மட்டுமே பார்ப்பவர்கள். ஆண்களைப் பார்ப்பீர்களா, ஆசனவாய் வழியாகத் தசையைத் தளர்த்துவீர்களா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். வாரம் ஒருமுறை வீதம் பத்து, பன்னிரண்டு வாரம் ஆகலாம். தொடங்குமுன் ஒன்பது கேள்வி, 43 மதிப்பெண் கொண்ட, அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் (என்.ஐ.எச்.) அறிகுறி அட்டவணையை நிரப்பி வையுங்கள். மாதாமாதம் நிரப்புங்கள். ஆறு மதிப்பெண் குறைந்தால் சிகிச்சை வேலை செய்கிறது. மூன்று மாதத்தில் அசையவே இல்லையென்றால் நரம்பு வலிக்கான மருந்து பற்றி உங்கள் டாக்டரிடம் பேசுங்கள்.