மேட் பாக்ஸா, ஃபில்டரா? சிறு பட்ஜெட் ஒளிப்பதிவாளர்களின் கேள்விகள்

தாராவி, மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட் என்று மும்பையின் பல பக்கங்களிலிருந்தும் தமிழ்க் குறும்படக்காரர்கள் கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். பெரும்பாலானவை ஒரே கவலையைச் சுற்றி வருகின்றன: கையில் இருக்கும் சொற்பப் பணத்தை எதில் போடுவது?

நண்பர்கள் சேர்ந்து குறும்படம் எடுக்கிறோம். கேமரா இருக்கிறது, மூன்று லென்ஸ் இருக்கின்றன, பத்தாயிரம் ரூபாய் மிச்சம் இருக்கிறது. மேட் பாக்ஸ் மாட்டினால் படம் சினிமா போலத் தெரியும் என்கிறார்கள். வாங்கலாமா? (தாராவி)

இப்போதைக்கு வேண்டாம். லென்ஸின் முன்னால் மாட்டும் மேட் பாக்ஸ் என்ற பெட்டி, படத்துக்குப் புதுத் தோற்றம் எதையும் தருவதில்லை. அதற்கு இரண்டே வேலைகள். காட்சிக்கு வெளியிலிருந்து வரும் வெளிச்சம் லென்ஸின் முன்கண்ணாடியில் விழாமல் மறைப்பது ஒன்று. சதுர, செவ்வக ஃபில்டர்களைத் தாங்குவது இன்னொன்று. உங்களிடம் செவ்வக ஃபில்டரே இல்லை, ஆகவே இரண்டாவது வேலைக்கு இடமில்லை. முதல் வேலையை ஒரு கறுப்பு அட்டை பார்த்துக்கொள்ளும்.

சோதித்துப் பாருங்கள். கேமராவை வெயில் வரும் திசைக்குச் சற்று விலக்கி நிறுத்திவிட்டு, முன்பக்கமாக வந்து லென்ஸைப் பாருங்கள். கண்ணாடியின் மேல் வெயில் பட்டு, ஒட்டியிருக்கும் தூசி ஒவ்வொன்றும் மினுங்கும். சூரியன் இருக்கும் பக்கம் உள்ளங்கையை நீட்டி, கையின் நிழல் கண்ணாடி முழுவதையும் மூடும்வரை மெல்ல நகர்த்துங்கள். தூசி மறையும். அந்த நொடியில் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு வித்தியாசம் தெரியும்: சாம்பல் பூத்துக் கிடந்த நிழல்கள் நல்ல கறுப்பாகும், நிறங்கள் அழுத்தம் பெறும். கை இருந்த அதே இடத்தில் ஒரு கறுப்பு அட்டையைக் கிளிப் போட்டு நிறுத்தினால் போதும். விளம்பரப் பலகைக்குப் பயன்படும் சன்பேக் தகடு இதற்கு நன்றாக இருக்கும். லென்ஸைப் பார்க்கும் பக்கத்தில் மட்டும் பளபளப்பு இல்லாத கறுப்புத் துணியை ஒட்டிவிடுங்கள். தகடு மினுமினுத்தால் அதுவே வெளிச்சத்தை லென்ஸுக்குள் திருப்பிவிடும்.

பணத்தை நல்ல கண்ணாடியில் போடுங்கள். ஃபில்டரின் குறை ஒவ்வொரு ஃப்ரேமிலும் பதிவாகும். அட்டை அழகாக இல்லை என்பது எந்த ஃப்ரேமிலும் பதிவாகாது.

மரைன் டிரைவில் மத்தியான வெயிலில் எடுத்தோம். பின்னணி மங்க வேண்டும் என்று எஃப் 2.8 வைத்தோம். ஆள் நடப்பது வெட்டி வெட்டித் தெரிகிறது. என்ன தவறு? (சயான் கோலிவாடா)

எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் துவாரம், அதாவது அபர்ச்சர், பெரிதாகும். அதை அவ்வளவு திறந்ததும், வெளிச்சத்தைச் சமாளிக்க ஷட்டர் வேகத்தை ஏற்றியிருப்பீர்கள். ஒவ்வொரு ஃப்ரேமும் துல்லியமாக உறைந்துபோனால் அசைவு ஒன்றோடொன்று சேராது, வெட்டித்தான் தெரியும். நொடிக்கு 25 ஃப்ரேம் எடுத்தால் ஷட்டர் 1/50 நொடியில் நிற்க வேண்டும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், டியூப்லைட் வெளிச்சத்திலும் இந்த அளவு படத்தைத் துடிக்கவிடாது.

அப்படியானால் எத்தனை ஸ்டாப் குறைக்க வேண்டும்? (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் இரட்டிப்பது அல்லது பாதியாவது.) நல்ல வெயிலுக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 100, எஃப் 16, ஷட்டர் 1/100. ஷட்டரை 1/50 ஆக்கினால் ஒரு ஸ்டாப் கூடுகிறது. எஃப் 16-லிருந்து 11, 8, 5.6, 4 என்று இறங்கி 2.8-க்கு வந்தால் இன்னும் ஐந்து. ஆக ஆறு ஸ்டாப். நிறத்தை மாற்றாமல் வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் கருங்கண்ணாடிதான் என்டி ஃபில்டர். அதில் 0.3 என்பது ஒரு ஸ்டாப், எனவே உங்களுக்குத் தேவை 1.8. சில நிறுவனங்கள் இதையே என்டி 64 என்று அச்சிடும். இரண்டும் ஒன்றுதான், குழம்ப வேண்டாம். பின்னால் நிறம் திருத்த வசதியாக வெளிறிய படமாகப் பதியும் லாக் முறையில் ஐஎஸ்ஓ 800-இல் எடுக்கிறீர்கள் என்றால் இன்னும் மூன்று சேர்ந்து ஒன்பது ஸ்டாப் ஆகிவிடும்.

என் யோசனை: 0.9 ஒன்று, 1.8 ஒன்று, இந்த இரண்டை மட்டும் வாங்குங்கள். தனித்தனியே மூன்று, ஆறு ஸ்டாப். சேர்த்துப் போட்டால் ஒன்பது. இடைப்பட்டதை அபர்ச்சரில் சரிசெய்துகொள்ளலாம். வைட் லென்ஸில் மட்டும் இரண்டையும் அடுக்கும்போது மூலைகள் இருட்டுகின்றனவா என்று பாருங்கள்.

ஒரே வேரியபிள் என்டி வாங்கினால் எல்லாம் முடிந்துவிடாதா? (முலுண்ட்)

ஆவணப்படம், கல்யாண வீடியோ என்று ஓடிக்கொண்டே எடுப்பவருக்கு அது வரம். கதைப்படத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அதற்குள் இருப்பவை இரண்டு போலரைசர்கள், அதாவது ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் கண்ணாடிகள். ஒன்றைத் திருப்பத் திருப்ப இருள் கூடும். கூடவே வானத்தின் நீலமும், கார்க் கண்ணாடியின் பிரதிபலிப்பும், நடிகரின் நெற்றிப் பளபளப்பும் மாறும். ஒரே காட்சியில் இரண்டு ஷாட்டுக்கு முகம் இரண்டு விதமாக வந்தால் எடிட்டிங்கில் அதைச் சேர்ப்பது பெரும்பாடு. இருளின் உச்சத்துக்குத் திருப்பினால் படத்தின் குறுக்கே பெருக்கல் குறி போல நிழல் விழும், வைட் லென்ஸில் இன்னும் மோசமாக. வாங்கத்தான் வேண்டும் என்றால் இரு முனையிலும் தானாக நின்றுவிடும் தடுப்பு உள்ளதாக வாங்குங்கள்.

மாலை போட்ட ஐயப்ப சாமிகளைப் பகலில் படம் பிடித்தோம். கறுப்பு வேட்டி சிலருக்குக் கறுப்பாகவும் சிலருக்குக் கருஞ்சிவப்பாகவும் வந்திருக்கிறது. கேமரா கெட்டுவிட்டதா? (மாட்டுங்கா)

கேமரா நன்றாகவே இருக்கிறது. மலிவான என்டி, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைத்தான் குறைக்கிறது. அகச்சிவப்புக் கதிரை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடுகிறது. ஆறு ஸ்டாப் குறைத்துவிட்டு, குறைந்த அந்த வெளிச்சத்துக்கு ஏற்ப அபர்ச்சரைத் திறக்கும்போது, தடைபடாத அகச்சிவப்பு மட்டும் பல மடங்காகி சென்சாரில் சேர்கிறது. எந்தத் துணி அதை எவ்வளவு திருப்பி அனுப்பும் என்பது நூலையும் சாயத்தையும் பொறுத்தது. அதனால்தான் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு வேட்டிகளுக்கு இரண்டு நிறம்.

ஒயிட் பேலன்ஸில் இது தீராது. கறுப்பை இழுத்துப் பிடித்தால் முகம் பச்சையாகும். நான்கு ஸ்டாப்புக்கு மேற்பட்ட என்டி வாங்கும்போது, அகச்சிவப்பையும் சேர்த்துத் தடுக்கும் ஐஆர் என்டியாக வாங்குவதே வழி. விலை கூடுதல்தான், ஆனால் இந்த இடத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது. கடைக்குப் போகும்போது இரண்டு மூன்று விதக் கறுப்புத் துணித் துண்டுகளை எடுத்துப்போய், வாசல் வெயிலில் வைத்து எடுத்துப் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள்.

மூன்று லென்ஸுக்கும் முன்வாய் 49, 58, 67 மி.மீ. என்று வேறு வேறாக இருக்கிறது. மூன்று செட் ஃபில்டரா வாங்குவது? (வாஷி)

ஒரே செட் போதும். 77 அல்லது 82 மி.மீ. ஃபில்டர் வாங்கி, ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒரு ஸ்டெப்-அப் ரிங் (சிறிய வாயில் பெரிய ஃபில்டரைப் பொருத்தும் வளையம்) போட்டுவிடுங்கள். பின்னாளில் பெரிய லென்ஸ் வாங்கும் எண்ணம் இருந்தால் 82. ரிங் பித்தளையாக இருக்கட்டும்; அலுமினியம் இறுகிக்கொண்டால் கழற்றுவது பெரும்பாடு. ரிங்கைக் கழற்றாமல் லென்ஸிலேயே விட்டுவிட்டால் படப்பிடிப்பில் நேரம் மிச்சம். இதில் ஒரு குறை உண்டு: லென்ஸோடு வந்த ஹூட் இனிப் பொருந்தாது. அதற்குத்தான் அந்தக் கறுப்பு அட்டை.

கல்யாண வீடியோவுக்கு மிஸ்ட் ஃபில்டர் எந்த அளவு வாங்கலாம், அண்ணா? (செம்பூர்)

விளக்குகளைச் சுற்றி மெல்லிய ஒளி பரப்பிப் படத்தை மென்மையாக்குவதுதான் மிஸ்ட் ஃபில்டர். 1/8 வாங்குங்கள் தம்பி. அதைவிடப் பலமான 1/4 மானிட்டரில் மயக்கும். மண்டபத்துச் சரவிளக்குகளும் குத்துவிளக்கும் ஒரே ஃப்ரேமில் வந்தால் எல்லாம் புகைமூட்டமாகிவிடும். டெலி லென்ஸில் அதே ஃபில்டர் இன்னும் பலமாக வேலை செய்யும் என்பதையும் நினைவில் வையுங்கள். டிஃபனின் பிளாக் ப்ரோ-மிஸ்ட் தான் எல்லோரும் ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோல். கே அண்ட் எஃப் கான்செப்ட் போன்றவை அதைவிட மலிவு. கல்யாண வேலைக்குத் தாராளமாகப் போதும்.

பக்கவாட்டிலிருந்து ஒரு விளக்கு இந்த ஃபில்டரின் மேல் விழுந்தால், அது காட்சியில் இல்லாவிட்டாலும் படம் முழுக்க வெளிறிவிடும். மேட் பாக்ஸ் உண்மையிலேயே தேவைப்படும் இடம் இதுதான்.

இரவில் எடுத்தால் தெருவிளக்கு, கார் விளக்கு எல்லாம் இரண்டாகத் தெரிகின்றன. (காட்கோபர்)

ஃபில்டரைக் கழற்றுங்கள். தட்டையான கண்ணாடிக்கும் லென்ஸுக்கும் இடையில் வெளிச்சம் முட்டித் திரும்புவதால் வரும் பிம்பம் அது. பாதுகாப்புக்கு என்று மாட்டிவைத்த யூவி ஃபில்டரும் இதில் சேர்த்தி.

இனி மேட் பாக்ஸ் வாங்கியே ஆக வேண்டும் என்ற நிலைக்கு வந்துவிட்டோம். குறைந்த விலையில் எதைப் பார்த்து வாங்குவது? (தாணே)

சிறிய கேமராவுக்கு லென்ஸ் வாயிலேயே கவ்விக்கொள்ளும் கிளிப்-ஆன் வகை போதும். ஸ்மால்ரிக், டில்டா இரண்டும் கைக்கு அடக்கமாகச் செய்கின்றன. நம் நாட்டு ப்ரோஎய்மும் இருக்கிறது. முதலில் எடையைப் பாருங்கள். ஜூம் செய்யும்போது முன்னால் நீளும் கிட் லென்ஸில் கனமான பெட்டியைத் தொங்கவிட்டால் லென்ஸ் பாழாகும். அப்படிப்பட்ட லென்ஸ்தான் இருக்கிறது என்றால் கேமராவுக்குக் கீழே முன்னோக்கி நீளும் 15 மி.மீ. ராடில் (கம்பியில்) நிற்கும் வகை நல்லது. அதில் இரண்டு ராடுகளுக்கு நடுவே 60 மி.மீ., ராடிலிருந்து லென்ஸ் மையத்துக்கு 85 மி.மீ. என்பது பொது அளவு. உங்கள் கேமராவின் அடித்தட்டு அந்த உயரத்துக்கு வருகிறதா என்று அளந்துவிட்டு வாங்குங்கள்.

பெட்டியை மாட்டியதும், உங்களிடம் உள்ள ஆக வைடான லென்ஸில் மூலைகளைப் பாருங்கள். பிறகு பின்பக்கம் டார்ச் அடித்து, லென்ஸுக்கும் பெட்டிக்கும் நடுவே வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். கசிந்தால் அது ஃபில்டரின் பின்புறத்தில் பட்டு, உங்கள் கேமராவின் பிம்பத்தையே படத்தில் காட்டும். வெளிச்சம் மறைக்கப் பெட்டியின் மேலே நீளும் மடலின் திருகு கடற்காற்றுக்கு நிற்குமா என்று கையால் ஆட்டிப் பார்ப்பதும் முக்கியம்.

செலவுக் கணக்கில் இன்னொன்றையும் சேருங்கள். பெட்டி மலிவாகக் கிடைத்தாலும், அதற்குள் போடும் 4-க்கு 5.65 அங்குல நல்ல கண்ணாடி ஒன்றின் விலை பெட்டியைவிட அதிகமாகவே இருக்கும். அதனால் பெட்டியைச் சொந்தமாக வைத்துக்கொண்டு, செவ்வக ஃபில்டர்களை அந்தேரியில் நாள் வாடகைக்கு எடுப்பது புத்திசாலித்தனம். வாங்கும் இடத்திலேயே ஃபில்டரை வெள்ளைத் தாளின் மேல் வைத்துக் கீறலைப் பார்த்து, போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் ஃபில்டரில் பூஞ்சை பிடிக்கிறது. கடற்கரையில் எடுத்தால் உப்பு வேறு. (கொலாபா)

ஜூன் முதல் செப்டம்பர் வரை ஃபில்டரைத் துணி உறையிலோ தோல் பையிலோ வைக்காதீர்கள், இரண்டும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். மூடி இறுகிய சமையலறை டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சிறிய மீட்டர் ஒன்று, இவை போதும். மீட்டர் 40-க்கும் 50 சதவீதத்துக்கும் இடையில் நிற்கட்டும். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்து, ஆறவைத்துத் திரும்பப் போடுங்கள். அந்த வாணலியைச் சமையலுக்குத் திருப்பித் தர வேண்டாம்.

உப்புக்கு: முதலில் காற்றூதியால் ஊதுங்கள். பிறகு லென்ஸ் திரவத்தில் நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடையுங்கள். உலர்ந்த உப்பை அப்படியே சட்டை நுனியால் தேய்த்தால் பூச்சு கீறிவிடும்; கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக்கில் செய்த ரெசின் ஃபில்டர் என்றால் ஒரே தேய்ப்பில் கோடு விழும்.